ஏழு பேர் கையெழுத்து

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் காலை ஏழரை மணிக்கு நின்றால், தோளில் துணிப்பை, கையில் பிளாஸ்டிக் ஃபைல் என்று ஒன்றிரண்டு பெண்கள் சித்தூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம். ஊரில் அவர்களைச் 'சங்கத்துப் பொண்ணு' என்பார்கள். சமூக நீதிக்காக வேலை செய்யும் ஏதோ ஒரு அமைப்பின் களப்பணியாளர்கள். அந்த ஃபைலுக்குள் ஒரு தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ் நகல் இருக்கும்; ஒரு கைம்பெண்ணின் பென்ஷன் மனு இருக்கும்; போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்த புகாருக்கு வாங்கிய ரசீது இருக்கும். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று சோதனைச் சாவடிகளால் பெயர் தெரிந்த ஊர்கள் பாலக்காட்டின் இந்தக் கிழக்கு ஓரத்தில் வரிசையாக இருக்கின்றன. வீட்டில் பேசுவது தமிழ், மனு எழுதுவது மலையாளம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் அந்தப் பெண்.

அப்படியோர் அமைப்பில் நான் சில வருஷம் கணக்கு எழுதினேன். ஓர் அமைப்பு யாருக்காக இருக்கிறது என்பதை அதன் ஆண்டறிக்கை சொல்லிவிடும். அது யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். ஒன்று, பதிவு அலுவலகத்தில் கொடுத்த நிர்வாகக் குழுப் பட்டியல். இன்னொன்று, மாதக் கடைசியில் கையெழுத்து வாங்கும் சம்பளப் பட்டியல். முதல் பட்டியலில் உள்ள பெயர்களும் இரண்டாவதின் கடைசி வரிகளில் உள்ள பெயர்களும் ஒரே தெருவிலிருந்து வருவது அபூர்வம். இது எப்படி இப்படி ஆகிறது, எங்கே வேறு மாதிரி ஆயிற்று என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் அந்தப் பெண்ணின் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மனு எழுதிக்கொடுக்கும் வேலை போலத்தான் தெரியும். சாதிச் சான்றிதழ் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி. ஒரு குடும்பம் அந்த நாளில் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அங்கேதான் அதற்குப் பட்டியல் சாதி உரிமை. மாநிலம் மாறிக் குடிபோனால் உரிமை கூடவே வராது என்பதை 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பள்ளர், பறையர், சக்கிலியர் என்ற பெயர்கள் கேரளப் பட்டியலிலும் இருக்கின்றன. ஆனால் தாத்தா 1950க்கு முன்பே இங்கே வந்துவிட்டார் என்று காட்ட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கமிருந்து கூலிக்கு நடந்தே வந்த மனிதரிடம் என்ன காகிதம் இருக்கும்? நிலம் இருந்ததில்லை, ஆகவே பத்திரம் இல்லை. பள்ளிக்கூடம் போனதில்லை, ஆகவே டி.சி. இல்லை. மூணாறு, பீர்மேடு எஸ்டேட் ஆட்களாக இருந்தால் பழைய செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் ஆள் பதிவேட்டில், பெயர் கிடைக்கலாம். அதைப் புரட்ட ஆபீஸ் மனசு வைக்க வேண்டும். சரி, பூர்வீக ஊரிலேயே போய்க் கேட்கலாம் என்று எல்லை தாண்டிப் போனால், இரண்டு தலைமுறையாகக் கேரளத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் இங்கே ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி வரும். அங்கே சான்றிதழ் கிடைத்தாலும் கேரளத்துக் கல்லூரியில் அதற்கு இடஒதுக்கீடு கிடையாது.

களப்பணியாளர் இங்கேதான் நுழைகிறார். தாத்தாவின் அண்ணன் மகன் எந்தத் தொடக்கப் பள்ளியில் படித்தார், பாட்டிக்குச் சர்ச்சில் ஞானஸ்நானம் நடந்ததா, பழைய வாக்காளர் பட்டியலில் யார் வீட்டு எண்ணுக்குக் கீழே பெயர் வருகிறது என்று திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்கிறார். கேள்வி பிரமாதமான கேள்வி அல்ல. ஆனால் அந்தத் திண்ணையில் உட்கார விடுவார்களா என்பது ஆளைப் பொறுத்தது. குடும்பத்தில் ஓடிப்போனவர், மதம் மாறியவர், வட்டிக்குப் பயந்து பெயர் மாற்றிக்கொண்டவர் எல்லாரைப் பற்றியும் சொன்னால்தான் வம்சாவளி தெளிவாகும். நகரத்திலிருந்து வந்த சமூகப் பணிப் பட்டதாரியிடம் இதைச் சொல்ல மாட்டார்கள். அவர் கெட்டவர் என்பதால் இல்லை. அவர் அடுத்த வருஷம் இங்கே இருக்க மாட்டார் என்று தெரியும். பிறகு இணையத்தில் அரசு மனு பதிவு செய்யும் அக்ஷயா மையம், வில்லேஜ் ஆபீஸ், தாலுகா ஆபீஸ். சந்தேகம் எழுப்பினால், பட்டியல் சாதி, பழங்குடிகளைப் பற்றி ஆராயும் கோழிக்கோட்டுக் கிர்த்தாட்ஸ் என்ற அரசு நிறுவனத்தின் விசாரணை. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே இடம் கொடுத்திருக்கிறது. நடைமுறையில், கவுண்டரில் நிற்கும் பாட்டிக்காக அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மலையாளமும் படிக்கத் தெரிய வேண்டும்.

சான்றிதழ் வேலையில் காலம்தான் போகும். புகார் வேலையில் பிழைப்பே போகலாம். முதலமடை பஞ்சாயத்தின் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் சக்கிலியர் குடும்பங்கள் தீண்டாமையைப் பற்றிச் சொன்னது 2017இல் கேரளம் முழுக்கச் செய்தியாயிற்று. முதலமடை மாம்பழ ஊர். புகார் கொடுப்பவர் வேலை செய்யும் தோப்பு பெரும்பாலும் ஆதிக்கச் சாதிக்காரருடையது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். 2015 திருத்தத்துக்குப் பிறகு அறுபது நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். அந்த அறுபது நாளும் புகார்தாரர் வீட்டில் அடுப்பெரிகிறதா, சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டவர் இன்னும் உறுதியாக இருக்கிறாரா என்று போய்ப் பார்ப்பவர் யார்? வக்கீல் வாய்தாவுக்கு வருவார். இயக்குநர் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வருவார். தினமும் வருகிறவர் துணிப்பைக்காரி. அவர் வீடும் அதே காலனியில்தான் இருக்கும், அவருடைய அண்ணனும் அதே தோப்பில்தான் வேலைக்குப் போவார்.

இனி அந்த முதல் பட்டியலுக்கு வருவோம். ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் கையெழுத்து வேண்டும். மலபார் பகுதியில் 1860ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பழைய திருவிதாங்கூர்–கொச்சிப் பகுதியில் 1955ஆம் ஆண்டின் சட்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சட்டம்; மூன்றிலும் எண்ணிக்கை ஏழுதான். (சித்தூர் இன்று பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பழைய கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது, இந்த மண்ணில் ஆவணம் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இது ஒரு தலைவலி.) அந்த ஏழு பேர் யாராகவும் இருக்கலாம். நடப்பது என்ன? தொடங்குகிறவர், அவருடைய துணை, கல்லூரித் தோழர், ஓய்வுபெற்ற ஆசிரியர், தெரிந்த வக்கீல், ஆடிட்டர் சொன்ன ஒருவர். ஏழாவதாக ஊரிலிருந்து ஒருவர், பல சமயம் ஒரு பெண். இவர்களில் பெரும்பாலோர் நல்ல மனசோடு வந்தவர்கள், சொந்தக் காசைப் போட்டவர்கள். எனக்குத் தெரிந்து அப்படி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தவரும் உண்டு. ஆனால் காசோலையில் கையெழுத்துப் போடும் இரண்டு பேர், ஆளை எடுக்கும் மூன்று பேர், திட்டம் எது என்று முடிவு செய்பவர்கள் எல்லாரும் முதல் ஆறிலிருந்தே வருகிறார்கள். ஏழாவது ஆளுக்கு நோட்டீஸ் ஆங்கிலத்தில் போகிறது.

பணம் வரும் வழி இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. வெளிநாட்டுப் பணம் பெறும் ஓர் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் அடியோடு தடை செய்தது. இரண்டாவது மாற்றம்தான் இந்த எல்லைப் பகுதி போன்ற இடங்களைக் கடுமையாகத் தாக்கியது. ஆங்கிலத்தில் திட்ட வரைவு எழுதத் தெரியாத சின்னச் சங்கங்கள் சென்னையிலோ கொச்சியிலோ உள்ள பெரிய அமைப்பின் வழியாகத்தான் இரண்டு களப்பணியாளர் சம்பளத்தைப் பெற்றுவந்தன. அந்தக் குழாய் ஒரே நாளில் அடைபட்டது. முதல் மாற்றத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விதிகளின்படி ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளமும் பள்ளி ஆசிரியர் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது. கட்டடமும் படுக்கையும் கரும்பலகையும் இருந்தால் சேவை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. திண்ணையில் உட்கார்ந்து வம்சாவளி கேட்பவரின் சம்பளத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஆடிட்டரோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி 2014 ஏப்ரல் முதல் சட்டப்படி கட்டாயமாயிற்று. சராசரி நிகர லாபத்தில் இரண்டு சதவீதம், பெரிய தொகைதான். ஆனால் கழிப்பறைக்கும் பெஞ்சுக்கும் கணினிக்கும் வரும் பணம், தோப்புக்காரர் மேல் கொடுத்த புகாரைத் தொடர வராது. அந்தத் தோப்பின் பழத்தை வாங்குகிறவர்களும் கம்பெனிகள்தானே.

ஆக, சம்பளப் பட்டியலில் எங்கே வெட்டுவது என்ற கேள்வி வரும்போது கத்தி கீழிருந்து தொடங்குகிறது. களப்பணியாளர் 'தன்னார்வலர்' ஆகிறார். சம்பளம் 'மதிப்பூதியம்' ஆகிறது. இருபது ஊழியர் இருந்தால் பி.எஃப்., பத்துப் பேர் இருந்தால் பணிக்கொடை. மதிப்பூதியக்காரர்களை அந்த எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. வேலை உத்தரவு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஐந்து வருஷத் தொடர்ச்சி இருந்தால்தான் பணிக்கொடை என்று அப்போது இருந்ததால், நடுவில் ஒரு மாதம் இடைவெளி விடும் பழக்கமும் சில இடங்களில் இருந்தது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 'தொழில்' என்ற சொல்லுக்குக் கொடுத்த விரிந்த பொருளால், தரும நிறுவன ஊழியரும் தொழில் தகராறு எழுப்ப ஒரு கதவு திறந்திருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு தரும, சமூகப் பணிகளில் ஈடுபடும் அமைப்புகளின் நிறுவனங்களை அந்த வரையறையிலிருந்தே எடுத்துவிட்டது. பிறருடைய குறைந்தபட்சக் கூலிக்காக மனு எழுதும் பெண், தன் கூலிக்காக எழுதப் போனால் விலாசம் தெரியாமல் நிற்கிறார். சமூக நீதி பேசும் நாம் வெட்கப்பட வேண்டிய இடம் இது. நானும் அந்த மதிப்பூதிய வவுச்சர்களை எழுதியவன்தான்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். வயநாட்டை ஒட்டிய கூடலூரில் 1980களின் நடுவில் ஸ்டான் தெக்கேக்கராவும் மாரி தெக்கேக்கராவும் 'அக்கார்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஐந்து ஆதிவாசிச் சமூகங்கள், எல்லாருக்கும் கை நழுவிப் போய்க்கொண்டிருந்த நிலம். அமைப்பின் முதல் வேலை ஒவ்வோர் ஊரிலும் ஒரு சங்கம். அதை நடத்த அந்தந்த ஊர் இளைஞர்கள். ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆயிற்று. 1988 டிசம்பர் 5ஆம் தேதி ஏறத்தாழ பத்தாயிரம் ஆதிவாசிகள் கூடலூர்த் தெருக்களில் நிலம் கேட்டு ஊர்வலம் போனார்கள். அதுவரை பஸ்ஸில் சீட்டில் உட்காரக்கூடத் தயங்கிய மக்கள்.

எனக்கு அந்த ஊர்வலத்தைவிட அதற்குப் பின்னால் நடந்தது பெரிதாகப் படுகிறது. 1990இல் 'அஸ்வினி' என்ற பெயரில் ஆதிவாசி ஆஸ்பத்திரி வந்தது. டாக்டர்கள் வெளியிலிருந்து வந்தார்கள், வேறு வழியில்லை. நர்சுகளை வெளியிலிருந்து கொண்டுவராமல், ஊரில் ஓரளவு படித்திருந்த ஆதிவாசிப் பெண்களையே எடுத்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். 1992இல் சங்க உறுப்பினர்களுக்கென்று ஒரு மருத்துவக் காப்பீடு தொடங்கியது. வித்யோதயா பள்ளியிலும் ஆதிவாசி இளைஞர்களை ஆசிரியராக்கினார்கள். மெல்ல மெல்ல நிர்வாக நாற்காலிகளும் கை மாறின. பாருங்கள், இதில் பணத்தைவிட அதிகம் செலவானது காலம். பயிற்சி முடித்த நர்சை இரண்டு மாதத்தில் வேலைக்கு எடுப்பதற்குப் பதிலாக, நான்கு வருஷம் ஒரு பணியர் பெண்ணோடு உட்கார்ந்து மருந்துப் பெயரைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதற்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் கட்டம் கிடையாது. அதற்குக் காத்திருக்க ஒப்புக்கொண்ட பண உதவியாளர்களும், தன் இடத்தை விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்ட தலைமையும் ஒரே நேரத்தில் அமைந்தன. இரண்டில் ஒன்று இல்லாமல் போனால் நடக்காது.

மூணாறு இதற்கு நேர் எதிர்க் கதை. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், இருபது சதவீதமாக இருந்த போனசைப் பத்தாகக் குறைத்ததை எதிர்த்து மூணாறு டவுன் சாலையில் உட்கார்ந்தார்கள். பெயர் 'பொம்பிளை ஒருமை'. கட்சிச் சங்கங்களின் ஆண் தலைவர்களைப் பக்கத்தில் வர விடவில்லை. லிஸ்ஸி சன்னி, கோமதி, ராஜேஸ்வரி, இந்திராணி என்று கொழுந்து கிள்ளும் பெண்களே பேசினார்கள். ஒன்பது நாள். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என்று இருபது சதவீதம் திரும்பக் கிடைத்தது. அக்டோபரில் தினக்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய்க்கு ஏறியது. ஆனால் மாநில அளவில் கூலி பேசும் தோட்டத் தொழிலாளர் குழுவில் அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்குத்தான் நாற்காலி. தலைமை இருந்தது, துணிச்சல் இருந்தது. ஆபீஸ் இல்லை, முழுநேர ஆள் இல்லை, கணக்குப் புத்தகம் இல்லை. போராட்டம் முடிந்த மறுநாள் தலைவிகள் எல்லாரும் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளப் போக வேண்டியிருந்தது. மாலையில் லயத்து வீட்டில் அடுப்பு. இதற்கிடையில் கட்சிகள் ஒருபுறம் இழுத்தன, தலைவிகளுக்குள் பிளவு வந்தது. 'பெண்களுக்கு ஒற்றுமை இல்லை' என்று அன்று சுலபமாக எழுதிவிட்டார்கள். மூன்று பேருக்கு மாதச் சம்பளமும் ஒரு வாடகை அறையும் இருந்திருந்தால் அந்தக் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பிளாச்சிமடையிலும் அதே பாடம்தான், வேறு வடிவில். 2002 ஏப்ரல் 22 அன்று, நிலத்தடி நீர் பாழானதை எதிர்த்துக் கோகோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்த எரவாளர், மலசர் ஆதிவாசிக் குடும்பங்களுக்கு முகமாக இருந்தவர் மயிலம்மா. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2007இல் மயிலம்மா இறந்தார். 2010இல் அரசின் உயர்நிலைக் குழு நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று கணக்கிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதா 2011இல் கேரளச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் திரும்பியது. ஆலை வாசலில் உட்காரத் தெரிந்த மக்களுக்குத் தில்லியில் ஒரு ஃபைலைப் பத்து வருஷம் துரத்த ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பது, அவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பவை களப்பணியின் மிகப் பழைய கேள்விகள்.

நான் கணக்கெழுதிய இடத்தில் கடைசியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பொதுக்குழுவில் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு களப்பணியாளர் இரண்டு பேரை நிர்வாகக் குழுவில் சேர்த்தார்கள். அதில் ஒருவர் கோவிந்தாபுரம் பக்கத்து அக்கா, பதினான்கு வருஷமாக மதிப்பூதியத்தில் இருந்தவர். முதல் கூட்டத்துக்கு வந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இதைத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். வாசிக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. நான்காவது விஷயம் ஜீப் வாங்குவது. அக்கா எழுந்து, ஜீப் வேண்டாம், அந்தப் பணத்தில் எட்டுப் பேருக்கு இரண்டு வருஷம் பி.எஃப். கட்டலாம், நாங்கள் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறோம் என்றார். ஒரு மணி நேரத்தில் முடியும் கூட்டம் அன்று மூன்றரை மணி நேரம் ஓடியது. ஜீப்புக்கென்று வந்த பணத்தைச் சம்பளத் தலைப்புக்கு மாற்ற நன்கொடையாளரின் அனுமதி வேண்டும் என்று நான் சொன்னேன். "அப்ப எழுதிக் கேளுங்க" என்றார். அன்று ராத்திரியே அந்தக் கடிதத்தை டைப் செய்தேன். பதில் வர ஐந்து மாதம் ஆனது. கேட்டதில் பாதிக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த மாதச் சம்பளப் பட்டியலில் நான்கு பெயர்களுக்கு எதிரே முதல் முறையாகப் பி.எஃப். என்ற கட்டம் நிரம்பியது. அந்த நான்கில் அக்காவின் பெயர் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் நான்கு பேரை அவரே எழுதிக் கொடுத்திருந்தார்.